நோவும் அளவும்: நோயாளர் வினாநிரல்களின் தமிழ் பற்றிய ஓர் ஆய்வு

நோயைத் தீர்க்கப் புகுவோன் நோயுற்றவனது அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செயற்படுதல் வேண்டும் என்பது மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வகுத்த நெறி. மூன்றனுள் நோயுற்றவனது அளவையே அவர் முதற்கண் வைத்துள்ளார். அம்முறைவைப்புக் கருதத்தக்கது. நோயின் அளவை மருத்துவன் கருவி கொண்டு காணலாம். குருதியை ஆராயலாம், நாடித் துடிப்பை எண்ணலாம், எலும்பின் தேய்வைப் படம்பிடித்துப் பார்க்கலாம். நோயுற்றவன் படும் பாட்டின் அளவை எக்கருவி காட்டும்? அவன் வாய்ச்சொல்லே காட்டும். சொல்லே அளவுகருவியாகுமிடத்து, அக்கருவியை ஆராயும் கடமை சொல்லாராய்ச்சியாளர்க்கும் உரியதாகின்றது.

நோயாளரை வினவி அவர்தம் வாழ்க்கைத் தரத்தை எண்ணால் அளக்கும் வினாநிரல்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன, தமிழிலும் உள்ளன. மருத்துவரும் புள்ளியியலாரும் பொருளியலாரும் இவற்றைப் பலகாலும் ஆராய்ந்துள்ளனர். தமிழ்த்துறையார் இவற்றைத் திறனாய்வுக்குரிய பனுவலாக எடுத்துக்கொண்டது அரிது. வழக்கிலுள்ள ஏதேனும் ஒரு பெயர்ப்பின் சொற்களை எடுத்துக் குற்றங்கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வளவைகளின் அமைப்புத் தமிழ்ச்சொல்லின்மேல் எத்தகைய சுமையை ஏற்றுகின்றது, அச்சுமையை எச்சொல் தாங்கும், எச்சொல் தாங்காது என ஆராய்தலே நோக்கமாகும்.

1. அளவையின் அமைப்பு

நலவாழ்வுப் பொருளியலார் எதிர்கொள்ளும் வினா எளியது, விடை அரியது. ஒரு மருந்து வாழ்நாளை நீட்டுவதில்லை. ஆனால் மூட்டு நோவைத் தணிக்கின்றது. பிறிதொரு மருந்து வாழ்நாளை ஓராண்டு நீட்டுகின்றது. ஆனால் அவ்வாண்டைப் படுக்கையிற் கழிக்கச் செய்கின்றது. அரசின் கையிலுள்ள பொருளுக்கு எல்லை உண்டு. எதற்கு முன்னுரிமை தருவது? இவ்விரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தற்கு அவர்கள் ஓர் அலகு கண்டனர். முழுநலத்துடன் வாழும் ஓராண்டின் மதிப்பு 1; இறப்பின் மதிப்பு 0. 0.6 மதிப்புடைய ஒரு நிலையில் பத்தாண்டு வாழ்தல், முழுநலத்துடன் ஆறாண்டு வாழ்தற்கு நிகர் என்பது அவர்கள் கணக்கு. இவ்வலகைத் தரம் கணித்த வாழ்வாண்டு எனலாம்.

ஒருவர் எந்நிலையில் உள்ளார் என அறிதற்கு வாயில் வினாநிரலே. மிகுதியும் வழங்கும் ஒன்று யூரோகோல் குழுவினர் ஆக்கிய ஐங்கூற்று அளவை. அக்குழு 1987இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் கூடியதனால் தோன்றியது. நடமாட்டம், தன்னைப் பேணிக்கொள்ளுதல், வழக்கமான செயல்கள், வலியும் உடலிடரும், கவலையும் மனச்சோர்வும் என்பன அவ்வளவையின் ஐந்து கூறுகள். பிந்திய வடிவில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து படிகள் உள்ளன. ஆதலின் அது வேறுபடுத்திக் காட்டும் உடல்நிலைகள் 3125 ஆகும்.

இன்ன நிலைக்கு இன்ன மதிப்பு எனத் தீர்மானிப்போர் மருத்துவர் அல்லர், பொதுமக்களே. இந்நிலையில் பத்தாண்டு வாழ்தல் நன்றா, ஆண்டு சில குறையினும் முழுநலத்துடன் வாழ்தல் நன்றா என அவர்களை வினவி, இரண்டும் ஒக்கும் என அவர் கூறும் இடத்தைக் கண்டு மதிப்பிடுவர். இந்திய மக்கட்குரிய மதிப்புநிரல் 2022இல் வெளிவந்தது. ஐந்து மாநிலங்களிலிருந்து 3548 பேரைத் தெரிந்து மேற்கொண்ட அவ்வாய்வில் 2409 பேரின் விடைகள் கணக்கிற் கொள்ளப்பட்டன. மிகக் கொடிய நிலைக்குக் கிடைத்த மதிப்பு சுழிக்கும் கீழே, -0.923. அந்நிலையில் வாழ்தல் இறத்தலினும் கொடிது என மக்கள் கருதினர் என்பது இதன் பொருள். ஐந்து கூறுகளுள் மதிப்பை மிகுதியும் குறைத்தது வலி பற்றிய கூறேயாகும். இச்செய்தியை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதனை எடுத்தாள்வோம்.

மருத்துவ முறைகளின் பயனையும் செலவையும் ஒப்பிட்டு அரசுக்கு உரைக்க, நடுவணரசின் நலவாழ்வு ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017இல் ஓர் அமைப்புத் தோற்றுவிக்கப்பட்டது. எனவே நோயாளர் இடும் ஒரு குறி எண்ணாகின்றது, எண் கணக்காகின்றது, அக்கணக்கு எம்மருந்துக்குப் பொருள் ஒதுக்குவது என்னும் முடிவிற்குச் சான்றாகின்றது. இத்தொடரின் முதற்கண்ணி ஒரு சொல். அது பிழைப்பின் பின்வருவன யாவும் பிழைக்கும்.

2. உற்றவன் கூற்றின் உரிமை

குறை காணுமுன் நிறை காணுதல் முறை. இவ்வளவைகளின் தலையாய சிறப்பு, நோயாளர் சொல்லைச் சான்றாக ஏற்றுக்கொண்டமையாகும். இது தமிழுக்குப் புதிய கருத்தன்று. உற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து செய்பவன் என மருத்துவத்தை வள்ளுவர் நாற்கூறாக்கினார். பரிமேலழகர் அவை ஒவ்வொன்றையும் நந்நான்காக விரித்தார். உற்றவனுக்கு அவர் கூறும் நான்கு: பொருள் உடையனாதல், மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோய்நிலையை உணர்த்த வல்லனாதல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். வாக்படரின் அட்டாங்க இருதயமும் நோயாளியின் பண்புகளாக இந்நான்கனையே கூறுதலின், வடமொழி மருத்துவ மரபைப் பரிமேலழகர் நன்கு அறிந்து எழுதினார் என்பது போதரும்.

இவற்றுள் மூன்றாவது நம் ஆய்வுக்கு உயிரானது. நோய்நிலையை உணர்த்துதல் மருத்துவத்திற்குப் புறம்பான புலம்பலன்று. மருத்துவத்தின் ஓர் உறுப்பு. முதலாவதும் கருதத்தக்கது. பொருளுடைமையை நோயாளியின் பண்பாகக் கூறிய காலத்தில் பொருளிலார் நிலை யாதாயிற்று என்னும் வினா எழுகின்றது. இன்று அவர்பொருட்டு அரசு பொருள் செலவிடுகின்றது. ஆகவே உற்றவனது பொருளுடைமையும் அவனது உணர்த்தும் வன்மையும் இன்று ஒரு கணக்கில் வந்து இணைந்துள்ளன. தன் நோவை உணர்த்த வல்லார்க்குப் பொருள் கிட்டும்; உணர்த்த மாட்டாதார் கணக்கில் நலமுடையாராகத் தோன்றுவர்.

உலகச் சுகாதார நிறுவனம் 1991இல் தொடங்கிய வாழ்க்கைத்தர அளவை இவ்வகையில் மற்றொரு படி முன்சென்றது. அதனை ஒரு நாட்டில் ஆக்கிப் பிற நாடுகட்குப் பெயர்க்கவில்லை. உலகின் பதினைந்து மையங்கள் ஒருங்குகூடி ஆக்கின. சென்னையும் புதுதில்லியும் அவற்றுள் அடங்கும். நூறு வினாக்கள் கொண்ட அவ்வளவை பின்னர் 1998இல் இருபத்தாறு வினாக்களாகச் சுருக்கப்பட்டது. ஒருவர் தம் வாழ்க்கையைத் தாம் வாழும் பண்பாட்டின் நடுவே வைத்து எவ்வாறு காண்கின்றார் என்பதே வாழ்க்கைத்தரம் என அந்நிறுவனத்தார் வரையறை செய்தனர். பண்பாடு என்றவிடத்து மொழி அடங்கிற்று.

3. நோய், பிணி, வலி

நோய் என்னும் பெயர் நோதல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. பிணி, பிணித்தல் என்பதன் அடியாகப் பிறந்தது. முன்னது உற்றவன் உள்ளிருந்து உணர்வது. பின்னது புறத்திருந்து அவனைக் கட்டுவது. இலக்கிய வழக்கில் இவ்விரண்டும் ஒன்றன் இடத்து மற்றொன்று வருதல் உண்டு. ஆயினும் பிறப்பு வேறு. காதலால் வரும் துன்பத்தைச் சங்கச் சான்றோர் நோய் எனப் பலகாலும் வழங்கியது இவ்வுள்ளுணர்வு கருதியே. மருத்துவன் காணும் நோய் வேறு, நோயாளி படும் நோவு வேறு என மேலைநாட்டார் பிற்காலத்து வற்புறுத்திய பாகுபாட்டிற்குரிய சொற்கள் தமிழில் பண்டே இருந்தன.

வலி என்னும் சொல்லோ விந்தையானது. திருக்குறளில் வலியறிதல் என்பது வலிமை அறிதல். வலித்தல் இழுத்தலும் ஆம். துடுப்பு வலித்தல் என்னும் வழக்கை நோக்குக. நோயுற்றவனது அளவு என்பதனை விளக்குமிடத்துப் பரிமேலழகர் அவன் உடலியல்பு, பருவம் ஆகியவற்றோடு வேதனையையும் வலியையும் சேர்த்துக் கூறினார். இன்றைய மாணவர் இதனைப் படிப்பின் ஒரு பொருளை இருமுறை கூறினார் என மயங்குவர். ஆண்டு வேதனை என்பது நோவு; வலி என்பது அதனைத் தாங்கும் வன்மை. வன்மையைக் குறித்த சொல்லே காலப்போக்கில் நோவைக் குறிக்கும் பொதுச்சொல் ஆயிற்று. இன்று வினாநிரலில் வலி என எழுதுவோர், நோவு அனைத்தையும் அஃது அடக்கும் எனக் கருதுகின்றனர். மக்கள் வழக்கில் அஃது அடக்குகின்றதா?

யான் நேரிற் கண்டதொன்றைக் கூறுவேன். என் அன்னையார் கொற்கையை அடுத்த சிற்றூரிற் பிறந்தவர். நாற்பதாண்டு வயலில் நாற்று நட்டவர். சில ஆண்டுகட்குமுன் முழங்கால் நோய்க்காக அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஆய்வின்பொருட்டு இளைஞர் ஒருவர் வினாத்தாளுடன் வந்தார். இணைத்துக் கேட்க வேண்டிய வினாவை அவர் இரண்டாகப் பிரித்துக் கொண்டார். "ஆச்சி, வலி இருக்கா?" என்றார். "வலின்னு ஒண்ணுமில்ல ராசா. உளைச்சல்தான். ராவெல்லாம் உளையுது, கண்ணசர முடியல" என்றார் அன்னையார். இளைஞர் முற்பகுதியைக் கேட்டார், குறியிட்டார். அடுத்து, "அசௌகரியம் ஏதும் உண்டா?" என்றார். அன்னையார் அவ்வறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு அசௌகரியமும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் கவனிக்கிய" என்றார். வலி இல்லை, இடர் இல்லை என்று தாளில் பதிவாயிற்று. அவ்விரவும் அன்னையார் உறங்கவில்லை.

இதில் இளைஞரைக் குறைகூற ஒன்றுமில்லை. அன்னையாரும் பொய் கூறவில்லை. அவர் வழக்கில் வலி என்பது சுருக்கென்று ஓரிடத்திற் பற்றி இழுப்பது, உளைச்சல் வேறு. அசௌகரியம் என்பதோ உடலைப் பற்றிய சொல்லே அன்று, இடவசதியைப் பற்றியது. அவர் உணர்த்த வல்லவராகவே இருந்தார். அவர் சொல்லுக்குரிய இடம்தான் தாளில் இல்லை. இந்திய மக்களின் மதிப்புநிரலில் வலி பற்றிய கூறே மிகுந்த எடை உடையது என மேலே கண்டோம். எடை மிக்க இடத்தில் சொல் வழுவுமாயின் இழப்பும் மிகுதியாம் என்பது வெளிப்படை.

பொருநையாற்றங்கரை மக்கள் நோவைக் குறிக்க வழங்கும் சொற்கள் பல. ஊசி பாய்வதுபோல் இருப்பது குத்தல். காதிலும் மூட்டிலும் உள்ளே துளைப்பதுபோல் இருப்பது குடைச்சல். கைகால்களை ஓரிடத்தில் வைக்கவொட்டாது அலைக்கழிப்பது உளைச்சல். நெடுந்தொலை நடந்த கால் கடுக்கும். நீர் பிரியுமிடத்துக் கடுப்பும் உண்டு. இடுப்பிலும் கழுத்திலும் வருவது பிடிப்பு. கட்டி பழுக்குமுன் விண்விண்ணெனத் தெறிக்கும். உணர்ச்சி குன்றி மரத்தல் மதமதப்பு. இவற்றுள் சில வலி எனக் கேட்டால் ஆம் எனப்படும். சில வலியன்று என மறுக்கப்படும். மருத்துவனுக்கும் இவ்வேறுபாடு பயன்படும். நரம்பின் நோயும் மூட்டின் நோயும் நோவின் வகையாலேயே பலகால் பிரித்தறியப்படுகின்றன.

இடம் மாறின் பொருளும் மாறும். யாழ்ப்பாணத்தார் வருத்தம் என்பது நோயை. வருத்தக்காரர் என்பது நோயாளரை. நெல்லையில் வருத்தம் என்பது மனத்துயர். ஒரு தமிழ் வினாநிரலில் வருத்தம் உண்டா என வினவின், கடலின் இக்கரையில் மனத்தையும் அக்கரையில் உடலையும் அளந்தவராவோம். இரண்டு எண்களையும் ஒருங்கு வைத்து ஒப்பிடுவோர் எதனை ஒப்பிடுகின்றனர் என்பதனை அறியார்.

4. படிச்சொற்களும் வழக்கமும்

அளவையின் மற்றொரு பகுதி படிகள். இல்லை என்பதற்கும் மிகக் கொடிது என்பதற்கும் இடையே மூன்று படிகள் உள்ளன. ஐந்து படிகளுக்கும் உரிய சொற்களை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் மக்களை வினவியே தெரிந்தனர். அப்பணி 2011இல் வெளியிடப்பட்டது. அம்மொழியாளர் எய்திய அந்நன்மை தமிழர்க்கும் வேண்டும்.

நடுப்படிக்கு மிதமான என்னும் சொல் எளிதில் நினைவிற்கு வரும். தமிழில் மிதம் என்பது விரும்பத்தக்க அளவு. மிதமான வெயில், மிதமான சூடு, மிதமான உணவு என்பனவற்றை நோக்குக. மிதமான வலி என்னும் தொடரைக் கேட்போர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் எனவே கருதுவர். மக்கள் வழக்கிலோ கடிய படியைக் குறிக்க நல்ல என்னும் அடை வரும். நல்ல அடி, நல்ல காய்ச்சல் என்பனபோல நல்ல வலி என்பர். அவ்வடையை எழுத்து வழக்கில் வைத்தால் பொருள் திரியும். வையாவிட்டால் மக்கள் படிவரிசை கிட்டாது. லேசாக இருக்கிறது, இருக்கிறது ஆனால் தாங்கலாம், நல்ல வலி, உயிர் போகிறது என அவர்கள் கூறும் வரிசையே ஓர் அளவுகோல். அதனைத் திருத்திச் செம்மை செய்தல் வேண்டுமேயன்றிப் புறக்கணித்தல் கூடாது.

உடல்நலத்தை 0 முதல் 100 வரை கோடிட்ட அளவுகோலில் குறிக்குமாறும் அவ்வினாநிரல் கேட்கின்றது. எழுத்தறியா முதியோர்க்கு இஃது அரிதாகலாம். ஆனால் அளத்தல் அவர்க்கு அரிதன்று. காய்ச்சல் தணிந்த முதியவர், "முக்காலே மூணு வீசம் சரியாயிட்டு" என்பார். முக்காலும் மூன்று வீசமும் கூடின் பதினாறில் பதினைந்து. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்குச் சற்றுக் குறைவு. இதனினும் நுண்ணிய விடையை எந்த அளவுகோல் பெறும்? கீழ்வாய் இலக்கம் மறைந்து வருதலின் இவ்வழக்கும் முதியோரோடு ஒழியக்கூடும். ஒழியுமுன் பதிவு செய்தல் நம் பணி.

வழக்கமான செயல்களில் இடர்ப்பாடு உண்டா என்பது பிறிதொரு வினா. பனையேறுந் தொழிலாளி ஒருவர் முழங்கால் நோவால் ஏறுதலைக் கைவிட்டுப் பத்தாண்டு கழிந்தது எனக் கொள்வோம். திண்ணையில் அமர்ந்து நாரைக் கிழித்துத் தருதலே இப்போது அவர் வழக்கம். வழக்கமான செயலில் அவர்க்கு இடர் இல்லை. இழந்தது முழுதும் வழக்கம் என்னும் சொல்லுக்குள் மறைந்துவிட்டது. மனிதர் தம் நிலைக்குத் தம்மைப் பொருத்திக்கொள்ளுதலை இத்துறையாரும் அறிவர். ஆயினும் பண்டு செய்து இன்று செய்ய மாட்டாத செயல் யாது என ஒரு வினா கேட்டிருப்பின் அவ்விழப்பு வெளிப்பட்டிருக்கும்.

5. மீள்பெயர்ப்பு முறை

வினாநிரல்களைப் பெயர்க்க ஒரு முறை வகுத்துள்ளனர். இருவர் தனித்தனியே தமிழாக்குவர், இரண்டையும் ஒன்றாக்குவர், மூலத்தை அறியாத பிறிதொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவர், மூலத்தோடு ஒப்பிட்டு வேற்றுமை களைவர், இறுதியில் நோயாளர் சிலரிடம் காட்டிக் கேட்டறிவர். முறையின் நேர்மையை ஐயுறுதற்கில்லை. எனினும் ஒரு குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. மூலத்திற்கு எளிதில் மீளும் சொல்லே இச்சோதனையில் வெல்லும். அசௌகரியம் தவறாது மீளும். ஏனெனில் அஃது ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அகராதியில் நிற்பது. உளைச்சல் மீளாது, மீள்வோர் கையில் அது மனவுளைச்சல் ஆகவும் கூடும். ஆகவே அகராதிச்சொல் நிலைபெறும். ஆற்றங்கரைச் சொல் விலகும். மீள்பெயர்ப்பு மூலத்தோடு உள்ள ஒப்புமையைச் சோதிக்கும். நோயாளரோடு உள்ள ஒப்புமையைச் சோதியாது. அதனைச் சோதனையாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. நோயாளரைக் கேட்டறிதல் இறுதிப் படியாக உள்ளது. அதனை முதற்படியாக்கின் இக்குறை பெரிதும் நீங்கும் என்பது எம் துணிபு.

6. கேளாத வினா

இதுகாறும் கேட்கும் வினாக்களை ஆராய்ந்தோம். இனிக் கேளாத வினா ஒன்றைக் காண்போம். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன் கூறினார். பிணி எதன் நிலைக்களன்? அழுகைக்கு உரியதாக இருக்கும் என நாம் கருதுவோம். தொல்காப்பியரோ அதனை இளிவரலில் வைத்தார். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் இளிவரலின் களன்கள். பிணியின் துன்பம் உடலில் நோவதோடு நிற்பதில்லை. பிறர்முன் தான் தாழ்ந்ததாக உணர்தலும் அதன்கண் உண்டு என்னும் நுண்ணுணர்வு இவ்வைப்புமுறையிற் புலப்படும்.

ஐங்கூற்று அளவையில் இளிவரலுக்கு இடமில்லை. பிறர்க்குச் சுமையானேன் என்னும் எண்ணம் உங்கட்கு உண்டா என அது கேட்பதில்லை. கவலை, மனச்சோர்வு என்னும் கூற்றில் அஃது அடங்கும் எனின், அடங்காது. மருமகள் கையால் நீர் வாங்கிக் குடிக்க நேர்ந்த மூதாட்டி சோர்ந்திருக்க வேண்டுவதில்லை; கவலையுற்றிருக்க வேண்டுவதில்லை; ஆயினும் அந்நீர் அவர் தொண்டையில் இறங்காது.

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வரலாறு தமிழ் மாணவர் அறிந்தது. சிறையில் நீர் வேண்டினான். காலந்தாழ்த்துக் கொண்டுவந்த நீரை உண்ணாது உயிர்விட்டான் என்பது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும். அவன் உற்றது நீர்வேட்கை. உயிரினும் கொடிதாக அவன் கருதியது இளிவு. வாழ்தலை இறத்தலினும் தாழ மதிப்பிடுதல் என்னும் கருத்து இன்றைய கணக்கில் சுழிக்குக் கீழான எண்ணாக வருகின்றது. தமிழிலக்கியத்தில் அவ்வெண்ணைத் தந்தது வலியன்று, மானக்கேடு. இன்றைய இந்திய மக்கள் வலியையே மிகக் கொடிதாக மதித்தனர் என்னும் முடிவு, கேட்கப்பெற்ற ஐந்தனுள் என்னும் வரையறைக்கு உட்பட்டது. ஆறாவதாக இளிவரலைக் கேட்டிருப்பின் விடை யாதாகியிருக்கும் என்பது ஆராய்தற்குரியது.

அளவையாக்கியோர் தரப்பில் ஒரு விடை உண்டு. வினாக்கள் குறைந்திருந்தால்தான் எல்லா நோயையும் எல்லா நாட்டையும் ஒப்பிடலாம்; கூறுகள் கூடுந்தோறும் நிலைகள் பெருகி மதிப்பிடுதல் அரிதாகும் என்பர். இவ்விடை பொருந்துவதே. ஐந்தோடு ஆறாவது ஒன்றை ஐந்து படிகளுடன் சேர்ப்பின் நிலைகள் 15,625 ஆகும். ஆயினும் சில நோய்கட்கு இக்கூறு இன்றியமையாதது. காசநோயும் தொழுநோயும் உற்றார்க்கு உடல் தேறிய பின்னரும் ஊரார் பார்வை தேறாமை நாம் அறிந்ததே. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை தன்மதிப்பு, உடல்தோற்றம், பிறரோடு உள்ள உறவு ஆகியவற்றையும் கருதுதலின் இவ்வகையில் தொல்காப்பியர் கருத்துக்கு அணுக்கமாக உள்ளது.

7. செய்யத்தக்கன

கொற்கை இன்று கடலினின்று உள்வாங்கிய சிற்றூர். அதன் முத்தை அகநானூறும் ஐங்குறுநூறும் போற்றுகின்றன. முத்தை மதிப்பிட்ட நம் முன்னோர் அதனை நேரே துலாக்கோலில் இடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனப் பலவாறு வகைப்பெயர் கூறி, எண்ணும் மஞ்சாடி நிறையும் குறித்துள்ளன. வகை அறியாது நிறுப்பின் நிறை சரியாகும், மதிப்புப் பிழைக்கும். நோவை அளப்போரும் வகைப்பெயரை முதலில் அறிதல் வேண்டும்.

பிற மொழியார் இதனைச் செய்துள்ளனர். கனடா நாட்டு அறிஞர் மெல்சாக் என்பாரும் தார்கர்சன் என்பாரும் ஆங்கிலத்தில் நோவைக் குறிக்கும் 102 சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தி 1971இல் வெளியிட்டனர். அதனினின்று மெல்சாக் 1975இல் 78 சொற்களை இருபது தொகுதிகளாக்கி ஓர் அளவையை அமைத்தார். அது சொற்றொகுதியிற் பிறந்த அளவை. அதனைத் தமிழில் பெயர்ப்பதனினும், அவர் செய்ததுபோல நம் சொற்களைத் தொகுத்தலே தக்கது.

தமிழ்த்துறையின் முதுகலை, முனைவர்பட்ட மாணவர்க்கு ஈண்டு ஒரு பணி காத்திருக்கின்றது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை பொருநைக் கரையூர்களில் நோவைக் குறிக்கும் சொற்களை ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். உழவர், பீடி சுற்றுவோர், உப்பளத் தொழிலாளர், பனையேறிகள், மீனவர் எனத் தொழில்தோறும் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு தொழிலும் உடலின் ஓருறுப்பைத் தேய்க்கின்றது, அதற்கேற்ற சொல்லையும் பிறப்பிக்கின்றது. ஒவ்வொரு சொல்லையும் இது வலியா, வலியன்றா, எத்துணைக் கொடிது என அம்மக்களையே வினவி வரிசைப்படுத்தல் வேண்டும். அத்தொகுதியைக் கையிற்கொண்டு, வினாநிரல் ஆக்கும் மருத்துவரோடும் பொருளியலாரோடும் ஒருங்கு அமர்தல் வேண்டும். எண்ணைக் கணிக்கும் திறம் அவர்களுடையது. சொல்லின் எல்லை காணும் திறம் நம்முடையது. ஒன்றன்றி மற்றொன்று நிறைவுறாது.

அகராதிக் குழுவினரும் நாட்டுப்புறவியலாரும் தொகுத்த சொற்கள் நம் நூலகங்களில் உள்ளன. அவை மொழியின் வளத்தைக் காட்டத் தொகுக்கப்பெற்றவை. ஈண்டுக் கூறிய தொகுதியின் பயன் வேறு. தன் நோய்நிலையை உணர்த்த வல்லனாதல் உற்றவன் பண்பு எனப் பரிமேலழகர் கூறினார். உணர்த்துவோர் சொல் கேட்போர் தாளில் இடம்பெறாதாயின் அவ்வன்மையாற் பயனில்லை. உளைச்சல் என்னும் ஒரு சொல் வினாத்தாளில் ஏறுமாயின், நாற்று நட்டு மூட்டுத் தேய்ந்த மூதாட்டி ஒருவரது இரவு அரசின் கணக்கில் ஏறும். தமிழாய்வாளர் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வாராக.